கல்லறைத் தோட்டத்தில் ஆரஞ்சுக் கொடிகள்

அயோவா,
மே 30

மேரன் கண்ணு,

அட நீயே சொல்லு, கொடின்னா அது பட்டாளத்துல செத்தவங்க கல்லறைக்குத்தானே? நினைவு நாள் வருதேன்னு நானும் நம்ம சர்ச் டோரிஸும் கல்லறைத் தோட்டத்துல புல்லு வெட்டப் போனா, கண்ட இடத்துல ஆரஞ்சுக் கலர்ல பிளாஸ்டிக் கொடி!

"கேஸ் குழாய் போடறவனுங்க வேலை. செத்தவங்களக்கூட விடமாட்டானுங்க"ன்னா டோரிஸ்.

"கர்த்தர் பாத்துக்கிட்டிருக்காரு, பிடுங்குடி"ன்னேன்.

பிடுங்கிக் கட்டி வெச்சுட்டு, மெஷினை விட்டு மழமழன்னு வெட்டிட்டோம். பாஸ்டர் வந்து பாத்தாரு. வாயே தெறக்கல. அசந்துட்டாரு போல.

காலேஜ் ரெண்டாம் வருஷத்துலயே கோடை ஆராய்ச்சிக்கு உன்னப் பொறுக்கி எடுத்தாங்கன்னு சர்ச்சுல ஒருத்தர் விடாம சொல்லிட்டேன். பத்து வாரம் அங்க என்னதான் பண்ணுவ? அங்க போன் சிக்னலும் கெடைக்காதாமே. வேளைக்குச் சாப்பிடு, ஜெபத்த விட்டுடாத.

உன் ஆர்டித் அத்தை

ஏரிக்கரை ஆய்வு நிலையம்,
ஜூன் 3

அன்புள்ள அத்தைக்கு,

அந்தக் கொடிகள் என்னுடையவை.

சுற்று வட்டாரம் முழுக்க உழுது மக்காச்சோளம் போட்டாயிற்று. ஏர் படாத பழைய புல்வெளி மிஞ்சியிருப்பது நம் கல்லறைத் தோட்டத்தில்தான். ஒரு கொடி நட்ட இடம் ஒரு கட்டம். நாற்பத்திரண்டு கட்டங்களில் எந்தச் செடி எப்போது பூக்கிறது என்று கோடை முழுக்க நான் வாரம் ஒருமுறை வந்து எண்ண வேண்டும். பாஸ்டரிடம் அனுமதி வாங்கினேன். உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிடும் என்று பயந்தேன். தப்பு என்னுடையதும்தான்.

வெட்டாத கட்டங்கள் குறைந்தது பத்து மிஞ்சினால்தான் ஆய்வு என் பெயரில் நடக்குமாம். இல்லையென்றால் இன்னொருவருடைய ஆய்வுக்கு எடுபிடியாகச் செடிகளின் வேர் கழுவ வேண்டியதுதான். பேராசிரியர் பத்தாம் தேதி வரை பார்க்கலாம் என்கிறார்.

கொஞ்ச நாள் எழுதாதீர்கள். கோபத்தில் நானும் ஏதாவது எழுதிவிடுவேன்.

மேரன்

அயோவா,
ஜூன் 7

மேரன்,

எழுதாதன்னுதான் சொன்ன. கை கேக்கலியே, என்ன பண்ண.

நேரா பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். "ஏன்யா, தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு நின்னீங்களா?"ன்னேன். "ஆர்டித், நீங்க மெஷின் ஓட்டறப்ப குறுக்க வர எனக்கு என்ன, ரெண்டு உயிரா?"ங்கறாரு. தேவ ஊழியக்காரர் பேசற பேச்சா இது?

கொடிக் கட்டைத் தூக்கிக்கிட்டு முட்டி போட்டுத் தேடினேன். நட்ட எடத்துல பொத்தலாவது இருக்குமேன்னு. நடுவுல பெஞ்ச மழையில எல்லாம் மூடிப்போச்சு. சுவிசேஷம் வாசிக்கறேன், ரெண்டு வரி தாண்டல. ரொட்டி சுடறேன், கருகுது. எந்திரிக்கறேன், உக்கார்றேன்.

இப்பக் கட்டப் பிரிச்சுக் கொடிய எண்ணிப் பாத்தா இருபத்தொம்போதுதான் இருக்கு. நீ நாப்பத்திரண்டுங்கற. மிச்சம் பதிமூணு எங்க? டோரிஸக் கேட்டா, "நான் திருடி என்னடி பண்ணப்போறேன், தொப்பியில சொருகிக்கவா?"ன்னு சண்டைக்கு வர்றா.

இரு, இரு. தெக்குக் கோடி! ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே போன பச்சக் குழந்தைங்கள அங்கதானே கல்லு வெக்காம புதைச்சிருக்கு. அதுங்க தலைமேல மெஷின் ஓட்டக்கூடாதுன்னு அந்தப் பக்கம் எங்கள்ல யாரும் கால் வெக்கறதே இல்லடி. அங்க நான் ஒரு கொடியும் பிடுங்கல. உன் பதிமூணும் வெட்டாத புல்லுல அங்கதான் நிக்கணும்!