இறுக்காத நட்டு

22 ஜூலை 1957, திங்கள்
பஸ் பட்டறையில் ஆறு வருஷமாக மெக்கானிக். இன்று எங்களை மேய்க்கும் மண்டோர் நடராஜன், டிரைவர்கள் எல்லாரும் பார்க்க, என் டீயைத் தட்டிவிட்டு, "குடிக்கத்தான் வேலைக்கு வர்றியா?" என்றார். இருக்கட்டும். நாளையிலிருந்து என் கை தூங்கும். நினைத்தாலே குஷியாக இருக்கிறது.

26 ஜூலை
அரை மணி வேலைக்கு இரண்டு மணி நேரம். கூட வேலை செய்யும் சுப்பையனும் சேர்ந்துகொண்டான். காஜா பேராங் தெருமுக்கில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். பெண்டாட்டி ருக்மணியிடம் சொல்லவில்லை. சொன்னால் சோறு கிடைக்காது.

3 ஆகஸ்ட், சனி
சக்கரத்தை இறுக்கியவன் டயரில் வெள்ளைச் சாக்குக்கட்டியால் கோடு போடவேண்டும். கோட்டைப் பார்த்தால் டிரைவர் குனிந்து பார்க்கமாட்டார். இன்று ஏழாம் நம்பர் வண்டிக்கு இறுக்காமலே கோடு போட்டேன். திங்கள்வரை வெளியே போகாத வண்டிதானே. மண்டோர் கண்டுபிடித்துக் குதிக்கட்டும்.

4 ஆகஸ்ட், ஞாயிறு
மறந்துவிட்ட தூக்குச்சட்டியை எடுக்கப் பட்டறைக்குப் போனால் ஏழாம் நம்பரைக் காணோம். கிளேபாங் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு டிரைவர் மருதமுத்து அண்ணன் போய்விட்டாராம். ஐயோ, நாற்பது பேர். ஸ்பேனரோடு சைக்கிளை மிதித்தேன், மிதித்தேன் — வழியில் தெங்கேராவில் ஆள் ஏற்ற வண்டி நின்றிருந்தது. பின்சக்கரத்தடியில் விழுந்தேன். நட்டெல்லாம் விரலுக்கே சுற்றுகிறது. இறுக்க இறுக்க என்னையே திட்டிக்கொண்டேன். மண்டோர் மேல் கோபம் என்றால் இந்தச் சனங்கள் என்னடா செய்தார்கள்? நீயெல்லாம் மனுஷனா?

"கோடு யாரு போட்டது?" என்றார் அண்ணன்.

"நான்தான்."

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

5 ஆகஸ்ட்
மண்டோரிடம் நானே சொன்னேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அண்ணன் குறுக்கே வந்தார். "இவன் இருக்கட்டும். ஆனா இவன் இறுக்குற வண்டி எதுவா இருந்தாலும், முதல் நடைக்கு இவன் முன் சீட்டுல உக்காரணும்."

மண்டோர் இப்போதும் திட்டுகிறார். திட்டட்டும்.

17 ஆகஸ்ட்
முன் சீட்டு. மூன்றாம் நம்பர். போகவர யாரும் என்னோடு பேசவில்லை.

31 ஆகஸ்ட், சனி — மெர்டேக்கா, சுதந்திர நாள்
ஊர் முழுக்கக் கொடி. எனக்குத் தூக்கமே இல்லை. விடியும்முன் ஏழாம் நம்பரை இறுக்கினேன், ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை. பிறகுதான் கோடு போட்டேன். பாடாங் திடலுக்குப் போக ஒரே நெரிசல். முன் சீட்டுக்கு ஏறப் போனேன். அங்கே அண்ணன் மனைவி பாக்கியலட்சுமி அக்கா, மடியில் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள்.

என் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு ஏறிய அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இடமில்ல தம்பி. நீ நடந்து வா" என்றார்.

பஸ் கிளம்பியது. நான் சிரித்துக்கொண்டே திடல்வரை நடந்தேன்.