ஏழு வருஷமும் வேலைதான்

அக்கா,

இன்று காலை உன் ஃபைலைத் திறந்தேன். காகிதங்களுக்கு முன்னால் பஸ் டிக்கெட்டுகள்தான் கொட்டின. ஒதியம்பட்டிலிருந்து டவுனுக்கு, டவுனிலிருந்து ஒதியம்பட்டுக்கு. ஒன்றைக்கூட நீ தூக்கிப் போடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

கல்யாணத்துக்கு முன் மில்லில் ஏழு வருஷம் மெஷின் முன்னால் நின்றாய். பிறகு மாமாவோடு பிரான்ஸுக்குப் போய், ஆஸ்பத்திரியில் தரை துடைத்தே கிழவியானாய். அந்த நாடு அந்த வேலைக்கு ஒழுங்காக பென்ஷன் அனுப்பியது. மாமா இறந்தபின் ஊருக்குத் திரும்பி, மில் வேலைக்கான பென்ஷனைக் கேட்டாய். பத்து வருஷ சர்வீஸ் இல்லை, கிடைக்காது என்றார்கள் டவுன் பென்ஷன் ஆபீஸில்.

நீ விடவில்லை. இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே உழைத்த வருஷங்களையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பிரான்ஸிலிருந்து சான்றிதழ் வரவழைத்தாய். நானும் கூட வந்தேன்.

"இன்னாம்மா ஒப்பந்தம்? எங்களுக்கு ஒண்ணும் வரலியே," என்றார் சீட்டில் இருந்தவர். நீ ஒப்பந்தத்தின் நகலை நீட்டினாய். அவர் படிக்கவில்லை, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். "அங்கதான் பென்ஷன் வருதில்ல, இது வேற எதுக்கு?"

நீ கிளாஸைத் தூக்கி ஓரமாக வைத்தாய். "அது அந்த வேலைக்கு சார். இது இந்த வேலைக்கு."

திரும்பும் வழியில் நான் சொன்னதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "வுடுக்கா, இந்தக் காசுக்கா இம்மாம் அலைச்சல்?"

"ஷிப்டு ஷிப்டா நின்னு காலு வீங்கிச்சுடி. அந்த ஏழு வருஷம் நான் இன்னா சும்மாவா இருந்தேன்?" என்றாய்.

அடுத்த முறை போக உனக்குத் தெம்பு இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் "பதில் வந்துச்சா?" என்றுதான் கேட்டாய். இல்லை என்று சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது.

இன்று மதியம் அந்த ஆபீஸுக்கு நான் மட்டும் போனேன். அதே ஆள். "அவங்கதான் இல்லியேம்மா. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா ஃபைலை மூடிடலாம்." குரலில் இரக்கம் வேறு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் சத்தமாகப் பேசாதவள், உனக்குத் தெரியும். இன்று ஹாலே திரும்பிப் பார்த்தது.

"மூடக் கூடாது. தருவீங்களா மாட்டீங்களா, காரணத்தோட எழுதிக் குடுங்க!"

கையெழுத்துக்கு அவர் நீட்டிய தாளின் பின்பக்கத்தில் அதையே மனுவாக எழுதினேன். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தும்வரை நகரவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போகப் போகக் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள் வீட்டில். ஆற விடமாட்டேன் அக்கா. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.