ஞாயிறு மாலை இருவர்

நாமக்கல்
14.8.1984

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவுக்கு ரயில்வேயில் இன்னும் இரவு டூட்டிதானா? எனக்கு இரண்டு நாள் வயிறு கொஞ்சம் படுத்தியது. இப்போது சரியாகிவிட்டது, கவலைப்படாதீர்கள்.

கல்லூரிப் பயிற்சிக்காக நான் ஆய்வு செய்யும் காலனியில் ஒரே கிணறு. பக்கத்துக் கோழிப்பண்ணையின் கழிவு அதில்தான் இறங்குகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் படுத்தேன். அங்கே குடியிருக்கும் பழனியம்மாள் அக்கா சிரித்தார்.

"நாங்க வருசம் பூராக் குடிக்கறமுங்க அம்மிணி. நீங்க படுத்தாத்தான் கலெக்டரு நம்புவாருங்களா?"

தண்ணீரைச் சோதித்த முடிவு வந்துவிட்டது. அது குடிக்க ஆகாது. அடுத்த திங்கட்கிழமை அக்கா சேலம் வந்து கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறார். முந்தின இரவு என்னோடு நம் வீட்டில் தங்கலாம் என்று சொன்னேன்.

"உங்க ஊட்டுக்கு எந்த வாசல்ல வரோணுங்க?" என்றார்.

முன்வாசலில் என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அதிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை. தெருக்கூட்டும் மாராயிக்கு நீங்கள் பின்வாசலில் நின்று, கை படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவது கண்ணிலேயே நிற்கிறது.

என் பழைய போர்வையை வெயிலில் போட்டு வையுங்கள். உங்கள் மிளகு ரசம் சாப்பிட வேண்டும் போலிருக்கிறது. இரண்டு பேருக்கு வையுங்கள். சமையலறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். முடியாதென்றால் உடனே ஒரு கார்டு போடுங்கள். சேலம் ஜங்ஷனில் படுத்துக்கொள்கிறோம், இருவரும்.

உங்கள் மகள்
வசந்தாமணி