ஐன் ஸித்ராவுக்கு ஒரு பேருந்து

மெக்னெஸ்,
4 மார்ச் 1996

அன்பு மகள் கிஸ்லானுக்கு,

வாப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். குளிர் விட்டதும் உம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெருநாளுக்கு வந்தவள் இரண்டு இரவுகூடத் தங்காமல் ரபாத்துக்கு ஓடிவிட்டாய் என்று தினம் ஒரு சண்டை, ஏதோ நான்தான் உன்னை வண்டி ஏற்றி அனுப்பியது போல.

கீழ்க்கடை போனில் பேச முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். அங்கே காதுகள் அதிகம்.

ஐன் ஸித்ரா மேட்டுக்கு நகரசபை பேருந்து விடப் போகிறது, அதற்குப் பொதுக் கூட்டம் நடக்கப் போகிறது என்று எங்கள் டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கப் பேச்சு. சவாரி போய்விடும் என்று கொதிக்கிறார்கள். ஸ்டாண்டுத் தலைவன் லார்பியை உனக்குத் தெரியும். நேற்று டீ குடித்துக்கொண்டே, "ரபாத்துல இருந்து ஒரு பொம்பளை வந்து திட்டம் படிக்கப் போறாளாம். மேடை ஏறட்டும். இறங்கி நடந்து போறாளா, தூக்கிட்டுப் போறாங்களான்னு பாப்போம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மகளே. சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு என் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தப் பொம்பளை நீதான் என்று இங்கே யாருக்கும் தெரியாது. உன் போக்குவரத்து அலுவலகத்தில் ஆண்கள் இல்லையா? வேறு யாரையாவது அனுப்பச் சொல்.

உன் வாப்பா,
பூஅஸ்ஸா


ரபாத்,
12 மார்ச் 1996

அன்புள்ள வாப்பாவுக்கு,

சலாம். உம்மாவின் கால் வலி குறைந்ததில் நிம்மதி. அடுத்த முறை நாலு நாள் லீவு போட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தேன். எனக்கும் பயம்தான், மறைக்க மாட்டேன். இரண்டு வாரமாக என் மேசை போன் அடிக்கிறது. எடுத்தால் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கிறது. என் மேலதிகாரி ஸி மெக்கியிடம் சொன்னேன். "நான் வரலாம்னுதான் இருந்தேன் கிஸ்லான், இந்த ரத்த அழுத்தம் விட மாட்டேங்குது" என்றார். கூட்டத் தேதி முடிவான அன்றைக்கு வந்த ரத்த அழுத்தம் அது.

நான் வராவிட்டால் கூட்டம் நடக்காது. பேருந்து வாங்க வங்கி கடன் தரத் தயார். ஆனால் பேருந்து வாங்கினால் போதாது, வருஷா வருஷம் ஓட்ட வேண்டும். இந்த வழித்தடம் டிக்கெட் காசில் ஒருநாளும் ஓடாது. அந்த நஷ்டத்தை ஏற்க நகரசபை ஓட்டுப் போட வேண்டும். பொதுக் கூட்டம் நடத்தாமல் ஓட்டுப் போட முடியாது. ஏப்ரல் தாண்டினால் கடன் வேறு ஊருக்குப் போய்விடும்.

ஐன் ஸித்ராவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆறு பேர் நிரம்பாமல் ஒரு டாக்ஸியும் மேடு ஏறுவதில்லை. தையல் ஆலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன் ஒலிவத் தோப்பு வழியாக நடக்கிறார்கள். போன குளிர்காலத்தில் அங்கே ஒரு பெண்ணை இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவளை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மறுவாரம் அவள் அதே தோப்பு வழியாகத்தான் வேலைக்குப் போனாள்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். பேருந்து வந்தால் உங்கள் வருமானமும் குறையும். கீழ்த்தெருக்களிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஆள் கொண்டுவரும் வேலையை டாக்ஸிகளுக்கே கொடுத்து, அதற்கு நகரசபை ஒரு தொகை தர வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டார்கள். மறுபடி சேர்க்கப் பார்க்கிறேன். முடியுமா என்று தெரியாது.

உங்கள் மகள்,
கிஸ்லான்


மெக்னெஸ்,
29 மார்ச் 1996

மகளே,

நகரசபைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதில் உன் பெயர் இருக்கிறது.

அன்று மாலையே லார்பி வீட்டுக்கு வந்தான். அப்படி வருகிறவன் இல்லை அவன். உம்மா ரொட்டியும் ஒலிவமும் வைத்தாள், நிதானமாகச் சாப்பிட்டான். வாயைத் துடைத்துக்கொண்டு, "பூஅஸ்ஸா அண்ணே, ஒங்க மக பேரும் கிஸ்லான்தானே? ரபாத்துலதானே இருக்கு?" என்றான்.

"ஊருக்கு நூறு கிஸ்லான். என் மக டீச்சர்" என்றேன்.

"அப்ப சரி. டீச்சரம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த உன் பட்டமளிப்புப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உம்மாவுக்குக் கையிலிருந்த தட்டு நழுவியது.

காலையில் பார்த்தால் நம் பென்ஸ் டாக்ஸியின் நாலு டயரும் கிழிக்கப்பட்டிருந்தன. ஸ்டாண்டில் ஒருவனும் என்னிடம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

தோப்பில் அடிபட்ட பெண்ணுக்காக நீ அழுகிறாய். எனக்கு என் பெண் ஒருத்திதான். எனக்கும் வயசாகிவிட்டது, உம்மாவால் வேகமாக நடக்கக்கூட முடியாது. இந்தக் கூட்டத்துக்கு நீ வந்தால் என் வீட்டுக்கு வராதே. இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பூஅஸ்ஸா


ரபாத்,
5 ஏப்ரல் 1996

வாப்பாவுக்கு,

டயர் விஷயம் படித்தேன். இரண்டு முறை விடுப்புக் கடிதம் எழுதிக் கிழித்தேன்.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னபடி வீட்டுக்கு வர மாட்டேன். ஸ்டேஷன் எதிரே உள்ள விடுதியில் தங்குகிறேன். கூட்டம் நடக்கும் கூடத்தில் நீங்கள் எதிரே வந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். நீங்களும் அப்படியே இருங்கள். தயவுசெய்து வராமலே இருந்தால் இன்னும் நல்லது. உம்மாவை அன்றைக்குச் சின்னம்மா வீட்டில் விட்டுவிடுங்கள்.

கோபத்தோடு என்னை நினைக்காதீர்கள். அது ஒன்றுதான் வேண்டும்.

கிஸ்லான்


மெக்னெஸ்,
16 ஏப்ரல் 1996

என் கண்ணே,

போலீஸ்காரர்கள் உன்னைப் பின்வாசல் வழியாக ஏற்றி அனுப்பிவிட்டதால் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீ மேடையிலிருந்து பார்த்தது வேறு, நான் பின்வரிசையில் இருந்து பார்த்தது வேறு. அதனால் எழுதுகிறேன்.

நீ திட்டத்தைப் படிக்க ஆரம்பித்தாய். என் பக்கத்தில் இருந்தவன் கோட்டுக்குள் இரும்புக் கம்பி வைத்திருந்தான், அதன் முனை என் விலாவில் பட்டுக்கொண்டே இருந்தது. லார்பி எழுந்து கதவைச் சாத்தச் சொன்னான். ஒரு நாற்காலி பறந்து மேடையடியில் விழுந்தது. நடுவரிசையில் இருந்த தையல் ஆலைப் பெண்கள் கத்தினார்கள். ஓடிவிடலாம் என்றுதான் நான் எழுந்தேன், மகளே, பொய் சொல்லப் போவதில்லை. எழுந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லார்பி, "என்ன அண்ணே, ஏதாவது சொல்லணுமா?" என்றான்.

அப்போது வாய் தானாகப் பேசிவிட்டது. "அவ என் மக. டீச்சர்னு ஒங்கிட்ட சொன்னது பொய், பயந்துபோய் சொன்னேன். இப்பவும் பயம்தான். ஆனா அவகிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு அப்புறம் அடிங்கடா. ஏம்மா, பஸ் வந்தா என் வண்டி என்ன ஆகும்? பதில் சொல்லு."

நீ கையிலிருந்த காகிதங்களை மேசையில் வைத்தாய். பிறகு, "உங்க வருமானம் குறையும் வாப்பா. அதுக்குப் பணம் கேட்டேன், வெட்டிட்டாங்க. யார் வெட்டினாங்கன்னா, இந்த முதல் வரிசைல உக்காந்திருக்கிற நகரசபை உறுப்பினர்கள்தான்" என்றாய்.

கூடமே அவர்கள் பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்தவன் கம்பியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, அவர்களைக் கேள்வி கேட்க முண்டியடித்துக்கொண்டு போனான். லார்பி கத்திக்கொண்டுதான் இருந்தான், கேட்க ஆளில்லை.

நேற்று ஓட்டெடுப்பு முடிந்தது. பேருந்துக்கு ஒரு வருஷத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டார்கள். டாக்ஸிகளுக்கு நீ கேட்டதில் பாதி. அதற்கே உறுப்பினர்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நம் வீட்டு ஜன்னல்களை உடைத்துவிட்டார்கள். அட்டை வைத்து மறைத்திருக்கிறேன். ஸ்டாண்டு வரிசையில் என்னைச் சேர்ப்பதில்லை. காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுகிறேன். உம்மா வாசலில் நின்று எஞ்சின் சத்தம் கேட்கும்வரை ஓதுகிறாள். பயம் தெளியும் என்று நினைக்காதே, தெளியவில்லை.

வரிசை இல்லாததால் இன்று இருட்டோடு ஐன் ஸித்ராவுக்குப் போனேன், ஆறு பேருக்குக் காத்திராமல். தோப்பு முனையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். என் விளக்கைக் கண்டதும் பின்வாங்கினார்கள். கண்ணாடியை இறக்கி, "ஏறுங்கம்மா, நான் கிஸ்லானோட வாப்பா" என்றேன். ஒருத்தி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையில் இறுகப் பிடித்திருந்த கல்லைப் பள்ளத்தில் போட்டுவிட்டு, உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

உன் வாப்பா