கண்ணாடி அறையில் ஏழு நிமிடம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்குத்தான் நான்கு நாட்களாக உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. தொலைபேசியை நீ பாதியில் வைத்துவிட்டதால், உங்கள் ஊர் விடுதிக்குப் படுக்கை விரிப்புகள் ஏற்றிவரும் எங்கள் சலவைக்கூட ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

"வேலையை வாங்கிக் கொடுத்தீங்க, மானத்தையும் வாங்கிட்டீங்களே அண்ணா" என்று உன் தோழிக்காகக் கேட்டாய். நியாயம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சட்டப்படி வேலை செய்யும் தகுதி உண்டா என்று சரிபார்க்க அரசுக்கு நாங்கள் அனுப்பிய தொழிலாளர் விவரங்களில், உன் தோழியுடையது மட்டும் ‘பொருந்தவில்லை’ என்று திரும்பி வந்தது. அவளே உன்னிடம் சொல்லிவிட்டதால் இவ்வளவு எழுதுகிறேன். எது பொருந்தவில்லை என்பதை உனக்கும் எழுத மாட்டேன். அவ்வாறு வந்தால் உரியவரைத் தனியே அழைத்து, கதவைச் சாத்தி, அறிவிப்பைக் கையில் தர வேண்டும். மறுப்புத் தெரிவிக்க எட்டு வேலை நாட்கள். முடிவு வரும்வரை அவர் வேலையிலோ கூலியிலோ யாரும் கைவைக்கக் கூடாது. அனைத்தையும் வரி பிசகாமல் செய்தேன்.

ஆனால் ஆட்பதிவு எழுத்தரான என் அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. இஸ்திரிக் கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. காரணமில்லாமல் நான் யாரையும் அழைத்து உட்கார வைப்பதில்லை என்பதும், முன்பு அப்படி உட்கார்ந்த இருவர் பிறகு வேலைக்கு வரவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். இருபது ஆண்டுகளில் எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை. அவள் வெளியே வந்ததும் மடிப்பு மேசை அக்கா, "என்னடி, கண்ணாடிக் கூண்டுல ஏத்திட்டாரா? அப்ப மூட்டையைக் கட்டு" என்றாளாம். வேடிக்கைக்குத்தான். மாலையில் உன் தோழியின் லாக்கர் காலி; ஊருக்கு, உன்னிடம் வந்துவிட்டாள்.

மறுநாள் கண்ணாடியில் பழுப்புத் தாள் ஒட்டினேன். பின்பு நாற்பத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, கதவைச் சாத்தி, முகவரியும் தொலைபேசி எண்ணும் சரிபார்த்தேன். ஆளுக்கு ஏழு நிமிடம். அவளுக்கும் அவ்வளவுதான் ஆனது. "சார், நாம துணியை வெளுக்கணுமா, ஆளை வெளுக்கணுமா?" என்று மேற்பார்வையாளர் கத்தினார். இது எந்த விதியில் இருக்கிறது என்றும் கேட்டார். எதிலும் இல்லை என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததில் அவரே உட்கார்ந்துவிட்டார். மடிப்பு மேசை அக்கா தன் முறை வந்தபோது, "என் வாய்தான் சார் அவளைத் துரத்திடுச்சு" என்று ஏழு நிமிடமும் அழுதாள். யார் எதற்காக அழைக்கப்பட்டார் என்று இப்போது கூடத்தில் யாருக்கும் நிச்சயமில்லை.

வியாழன் மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அவள் வந்து மறுப்பில் கையெழுத்திட்டால், விசாரணை முடியும்வரை அவள் இடத்தை யாரும் அசைக்க முடியாது. வராவிட்டால் நீக்க ஆணையில் கையெழுத்திட வேண்டியவன் நான். இந்த நான்கு நாட்களையும் விடுப்பு என்று பதிந்திருக்கிறேன். அவள் விண்ணப்பிக்கவில்லை, நானே எழுதினேன். மறுப்பதா வேண்டாமா என்பது அவள் உரிமை. அவளை வற்புறுத்த எனக்கு அனுமதியில்லை. ஆனால் நீ என் தங்கை. உன்னை வற்புறுத்தலாம் அல்லவா?

வியாழன் முதல் பேருந்தில் அவளை நீயே அழைத்து வா. வழியில் ‘ஏன்’ என்று கேட்காதே, ‘சாப்பிட்டாயா’ என்று கேள். பேருந்து நிலையத்தில் நிற்பேன். அவள் என்னோடு பேச வேண்டும் என்றில்லை. இறங்கினால் போதும்.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்