மூன்றாம் கேள்வியின் ஓரத்தில்

முதலில் வந்தது நொச்சி இலை வாசம். பிறகுதான் உன் கையெழுத்தைக் கண்டேன்.

நாம் வேலை செய்த கந்தோரை மேல்மாடிக்கு மாற்றுகிறார்கள். பழைய வீட்டு ஆய்வுப் படிவங்களைப் பேப்பர்காரனுக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை. பெயரும் விலாசமும் போன் நம்பரும் இருக்கிற தாள், நாளைக்கு எந்தக் கடையில் கடலை சுற்றப் போகிறதோ யாருக்குத் தெரியும் என்று சண்டை பிடித்தேன். நானே எரிக்கிறேன் என்று ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். என் குணம் உனக்குத் தெரியாததா? மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினாலும், அந்தச் சிவப்பு நேற்றையதா இன்றையதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறவள் நான்.

உன் படிவக் கட்டுக்குள் மட்டும்தான் தாள்களுக்கு நடுவே காய்ந்த நொச்சி இலை இருந்தது. உன் ஊர் சவளக்கடையில் வீட்டு நெல் மூட்டைக்கு வைக்கிற அதே இலை. "பூச்சி வராதுகா" என்று நீ சொன்னபோது, படிவத்தை ஏன் இவ்வளவு பத்திரப்படுத்துகிறாள், இதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

நாம் இரண்டு பேரும் அந்தப் புள்ளிவிபர மென்பொருளைப் படித்த கதை நினைவிருக்கிறதா? கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு, பதில் சொல்லாதவருக்குத் தொண்ணூற்றொன்பது என்று எல்லாவற்றையும் இலக்கமாக்கச் சொல்லித் தந்துவிட்டுப் போய்விட்டார். மிச்சத்தை ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு நாமே தட்டித் தடவிப் படித்தோம். எல்லாத் தலைப்புக்கும் சராசரி கேட்போம் என்று முதல் தடவை பொத்தானை அமர்த்தியபோது, ஆண் பெண் என்ற இடத்துக்கும் அது ஒன்று தசம் ஆறு என்று கூச்சமில்லாமல் சராசரி போட்டுக் கொடுத்தது.

"என்னகா இது, ஆம்புளையுமில்லாம பொம்புளையுமில்லாம ஒரு சனம் வந்து நம்மட கம்ப்யூட்டருக்குள்ள இரிக்கி!" என்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். அடுத்த கிழமை, தொண்ணூற்றொன்பது என்றால் பதில் இல்லை என்பதை அதற்குச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டோம். பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குள் தொண்ணூற்றொன்பது வயதுக் கிழவர்கள் நிறைந்துவிட்டார்கள்.

திரையில் ஏதாவது கோணலாக வந்தால் உன்னிடம் ஒரே பேச்சுத்தான் இருந்தது. "பேப்பரப் பாருகா." எழும்பிப் போய்ப் படிவத்தை எடுத்து வந்து மேசையில் விரிப்பாய். எனக்கோ திரைதான் உலகம். குறுக்கு அட்டவணை போடப் பழகிய பிறகு நான் நிலத்தில் நடக்கவில்லை. ஒரு கேள்வியின் பதிலை இன்னொரு கேள்வியின் பதிலோடு முட்டவிட்டு, யார் பொய் சொல்கிறார் என்று பிடிப்பது எனக்காகவே செய்துவைத்த வேலையாக இருந்தது. வகுப்பெடுத்தவர் அதைத் தரவைச் சுத்தம் செய்தல் என்றார். நான் விளக்குமாற்றோடு இறங்கிவிட்டேன்.

அப்படித்தான் அந்த நாற்பத்து மூன்றைப் பிடித்தேன்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகள் உன் பங்குக்கு வந்தன. மூன்றாம் கேள்வி, குடும்பத் தலைவர் ஆணா பெண்ணா. நாலாம் கேள்வி, வீட்டுப் பெண்ணின் திருமண நிலை. மற்றவர்கள் கொண்டு வந்த படிவங்களில், பெண் தலைவி என்றால் அவள் விதவையாக இருந்தாள், இல்லாவிட்டால் தலாக் ஆனவளாக இருந்தாள். உன் படிவங்களில் மட்டும் நாற்பத்து மூன்று வீட்டில் தலைவி பெண், அவளே திருமணமானவள். கணவன் இருக்கிறான், ஆனால் தலைவன் இல்லை. அந்த ஆய்வு எதற்கென்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெண் தலைமை தாங்கும் வீடுகளுக்குச் சுயதொழில் உதவி கிடைக்க இருந்தது. பட்டியல் என் கம்ப்யூட்டரிலிருந்துதான் போகவேண்டும்.

முதலில் சின்னச் சந்தேகம்தான். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது, கலியாணம் முடித்த ஆண்தான் அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே "இது ஆர்ர ஊடு?" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் என்னுடையது என்றுதான் சொல்வாள். கேட்கிறவர் அவளையே தலைவி என்று எழுதிவிடுவார். எங்களூர் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை அது. நீ அப்படிக் கேட்டாயா என்று விசாரித்தேன்.

"நான் அப்பிடிக் கேப்பனா புள்ள? ஊட்ட முடிவெல்லாம் எடுக்கிறது ஆரெண்டுதான் கேட்டன்" என்றாய்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு மனம் ஆறவில்லை. சவளக்கடைக்கு உன் பஸ் மூன்றரைக்கு. அந்த வெயிலில், அவ்வளவு வீடு, இவ்வளவு சீக்கிரம் எப்படி முடித்தாய்? மர நிழலில் இருந்துகொண்டு நீயே எழுதியிருப்பாயோ? வீட்டு இலக்கங்களைப் பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். இருபத்தேழாவது வீடு என் தங்கச்சியுடையது. தலைவர்: இரண்டு. திருமண நிலை: ஒன்று, அதாவது திருமணமானவள்.

தங்கச்சியின் கணவர், என் மச்சான், கத்தாரில் இருந்தார். மாதம் தவறாமல் காசு வருகிறது, கொம்பனி லீவு கொடுக்காததால்தான் இரண்டு வருடமாக வர முடியவில்லை என்பதெல்லாம் எனக்குத் தங்கச்சி வாயாலேயே தெரியும். உன் கள்ளம் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அட்டவணையை அச்சடித்து எடுத்துக்கொண்டு, பகல் சாப்பாட்டுப் பெட்டியை நீ திறக்கிற நேரத்தில் வந்து உன் முன்னால் போட்டேன்.

"நாப்பத்தி மூணு பேருக்கும் மாப்பிள்ள இரிக்கி, ஆனா ஊட்டுக்குத் தலைவன் இல்ல. எல்லாரும் மொகட்டுல ஏறி இரிக்காங்களா?"

"அப்பிடித்தான் அவங்க சொன்னாங்க."

"என்ட தங்கச்சியும் சொன்னாளா?"

நீ கையிலெடுத்த சோற்றை வைத்துவிட்டாய்.

"நீ அங்க போகவே இல்ல. இரிந்த இடத்துல இரிந்து எழுதிக்கி வந்திரிக்காய்."

"போனன்."

"போனா ஏன் ரெண்டு போட்டாய்? செல்லு."

நான் காத்துக்கொண்டு நின்றேன். எதற்கென்றால், எப்போதும் சொல்கிற அந்த ஒரு பேச்சை நீ இப்போது சொல்வாய் என்றுதான். பேப்பரைப் பார் என்று சொல்லியிருந்தால் போய்ப் பார்த்திருப்பேன். அன்றைக்கு மட்டும் அது உன் வாயில் வரவில்லை. அதைவிடப் பெரிய ஒப்புதல் எனக்குத் தேவைப்படவில்லை.

"உன்ட விருப்பம் போல செய்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாய்.

செய்தேன். ஒரே ஒரு வரிக் கட்டளை. பெண் திருமணமானவள் என்றிருந்தால் தலைவர் ஆண் என மாற்று. கண்ணிமைக்கிற நேரத்தில் நாற்பத்து மூன்று பேருக்கும் மாப்பிள்ளை பிடித்துக் கொடுத்துவிட்டேன். பட்டியல் சுத்தமாகப் போனது. நீ அந்த மாதத்தோடு வேலையை விட்டாய். ஏன் என்று மற்றவர்கள் கேட்டபோது, பஸ் கஷ்டம் என்றாயாம். அதையும் நான் நம்பவில்லை.

மாரி மழையில் டெங்கு வந்து நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டபோது எல்லோரோடும் வேனில் ஏறி வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள எந்நேரமும் உங்களப் பத்தித்தானம்மா கதைக்கும்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. என்ன கதைத்திருப்பாய் என்ற யோசனைதான் வந்தது. செத்த வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, செத்தவளைச் சந்தேகப்பட்ட மனுசி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடம் கழித்துப் போன வெள்ளிக்கிழமை, எரிக்குமுன் கட்டை அவிழ்த்தேன். மூன்றாம் கேள்வியின் ஓரத்தில், பென்சிலால், பொடி எழுத்தில் நீ எழுதியிருந்தாய்.

"மனிசன் இருக்கார். ஆனா இல்லை."

"அக்கரைப்பற்றில வேற ஊடாம். மூணு வருசம் வரல்ல. வள்ளத்தக் குத்தகைக்குக் குடுத்து இவதான் பாக்கிறா."

"விதவையெண்டு போடவா எண்டு கேட்டன். அழுதிட்டா. ஒண்டு போட்டன்."

ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். நம்முடைய படிவத்தில் விதவைக்குப் பெட்டி இருந்தது, தலாக்குக்குப் பெட்டி இருந்தது, விட்டுப் போனவனுக்குப் பெட்டி இருக்கவில்லை. மற்றவர்களுக்கு ஏன் இது கிடைக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. மற்றவர்கள் எல்லோரும் எங்களூர்ப் பிள்ளைகள். இவளிடம் சொன்னால் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கக் கதை என்று பெண்களுக்குத் தெரியும். நீ பொட்டு வைத்த, வேறு ஊர்ப் பிள்ளை. மூன்றரை பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாய். உன்னிடம் சொல்லலாம்.

ஒன்பது தாளில் மட்டும் பென்சில் எழுத்து இல்லை. பொய் சொல்லமாட்டேன், அந்த ஒன்பதையும் இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்து, அழித்த தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அவை எப்படி வந்தன என்று இன்னும் எனக்குக் கேள்வி இருக்கிறது. நீ இருந்தால் சண்டை பிடித்தாவது கேட்டிருப்பேன்.

இருபத்தேழாவது வீட்டுத் தாளை அன்றைக்கு எடுக்கவில்லை. அடுத்த நாள் லுஹர் தொழுதுவிட்டுத்தான் எடுத்தேன்.

"கத்தாரிலேயே முடிச்சிட்டாராம். காசும் வாறல்ல. ராத்தாட்டச் சொல்லவேணாமாம். என்னக் கையப் புடிச்சிக் கேட்டா."

அந்த ராத்தா, அவள் அக்கா, நான்தான். ஊரிலுள்ள மீனின் செவுளையெல்லாம் தொட்டுப் பார்த்தவள் நான். என் தங்கச்சி விடியப்புறம் எழும்பி ஹோட்டலுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கியபோது, சும்மா பொழுது போகட்டுமென்று அவள் சொன்னதை அப்படியே நம்பினேன். அந்தப் பட்டியலிலிருந்து அவள் பெயரை வெட்டியதும் என் கைதான். நீ சோற்றை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. பேப்பரைப் பார் என்று சொன்னால் நீ தப்பிவிடுவாய், அவள் அகப்பட்டுவிடுவாள். நீ வாயை மூடிக்கொண்டாய். என்னை மன்னித்துக்கொள்.

அன்று அஸருக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன ராத்தா, செல்லாம கொள்ளாம? இரிங்க, பிளேன்ரீ ஊத்துறன்."

கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, தானாகவே, "அவரு வார பெருநாளைக்குக் கட்டாயம் வாறாராம்" என்றாள். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

"ஓம்" என்றேன். "மறுகா, திங்கக்கிழமையிலிருந்து எங்கட கந்தோருக்குக் காலச் சாப்பாட்டுக்கு இருபது பேருக்கு இடியப்பம் வேணும். உன்னால ஏலுமா?"

"ஏலும். ஏன் ராத்தா, திடீரெண்டு?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்தக் குணம் எனக்கு மட்டும் வந்ததில்லை போலிருக்கிறது.

"மத்த ஆள்ட இடியப்பம் கல்லு மாதிரி இரிக்கி" என்றேன். பச்சைப் பொய். அவள் நம்பினாளோ இல்லையோ, ஓம் என்றாள்.

வீட்டுக்கு வந்து, நான் பிரதி எடுத்து வைத்திருந்த பழைய கட்டளைக் கோப்பைத் திறந்து, என் அந்த ஒரு வரியை அழித்துவிட்டுத் திரும்ப ஓடவிட்டேன். நாற்பத்து மூன்று இடத்திலும் ஒன்று போய் இரண்டு வந்தது. உதவி என்றைக்கோ கொடுத்து முடிந்துவிட்டது, இந்தக் கோப்பை இனி ஒருவரும் திறக்கப்போவதில்லை. என்றாலும் சேமித்து வைத்தேன். அந்த நாற்பத்து மூன்று பேருக்கு அந்தப் பட்டியலில் கிடைக்க இருந்தது கிடைக்காமல் போனது என்னால்தான் என்று, கந்தோர்ப் பெரியவருக்கு நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். என்ன செய்வார்களோ தெரியாது.

பிறகு வளவுக்குள் போய்த் தாள்களை எரித்தேன். உன் கையைப் பிடித்துச் சொன்னவை, உன்னோடு போகவேண்டியவை. நொச்சி இலை முதலில் பிடித்துக்கொண்டது.

சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை. போகவும் போகாது. ஆனால் என் தங்கச்சி வீட்டுக்கு இனி யாராவது படிவத்தோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் கேள்வியைக் கேட்டால், நான் அந்த இடத்தில் இருக்கமாட்டேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வெளியே போய்விடுவேன். அவள் வந்தவளிடம் சொல்லட்டும்.