வெயிலுக்குக் காத்திருந்த நாள்

ஏப்ரல் 7, திங்கள்

ஏழாம் வகுப்பில் இன்று பீக்கர், ஸ்பிரிட் விளக்கு, அடியில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் பர்மாங்கனேட். சூடு ஏற ஏற, ஊதா நிறம் நூல் மாதிரி எழும்பி, ஓரமாக இறங்கி, மறுபடி அடிக்கே வந்தது. "டீச்சர், அது சுத்துது!" என்று ஹுமைரா கத்தினாள். சூடான தண்ணீர் லேசாகி மேலே போகும், ஆறியது கனத்துக் கீழே வரும், காற்றும் இப்படித்தான் என்றேன்.

சொல்லும்போதே தம்பி நினைவு. அவனுக்கு ஆறு வயது இருக்கும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கொல்லையில் பிரியாணி தேக்சாக்கள் வரிசையாக வெந்துகொண்டிருந்தன. அடுப்புக்கு மேலே மெல்லிய கேரி பையை விரித்துப் பிடித்தான். பை உப்பி, கையை விட்டு எழும்பி, தென்னைமர உச்சியைத் தாண்டிப் போனது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வாப்பா அவன் காதைத் திருகினார். காது திருகப்பட்டபடியே அவன் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தால் ஷார்ஜாவிலிருந்து தம்பிக்கு விசா வந்திருக்கிறது. முன்பு அங்கே பார்த்த அதே ஏசி மெக்கானிக் வேலை, கூடுதல் சம்பளம். நுஃமான் போகமாட்டானாம். ஒரு மாதமாக ஆன்டனி ராஜின் பைபர் படகில் மீன்பிடிக்கப் போய்வருகிறான், அதுவே போதுமாம்.

"பன்னெண்டு வருசம் இருந்துட்டேன் லாத்தா. போதும்."

"கடல்ல என்னடா இருக்கு? ஒனக்கு வலை போடவே தெரியாது."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். என் கணவர் மவுத்தான பிறகு இந்த வீட்டில் நானும் அவனும்தான். அவன் நல்லதுக்குத்தானே சொல்கிறேன்?

ஏப்ரல் 8, செவ்வாய்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். இரவெல்லாம் வலை போட்டுக் காலையில் வருவார்கள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வரவில்லை.

எட்டு மணிக்கு ஆன்டனி ராஜின் மனைவி கிறிஸ்டினா ஓடிவந்தாள். "அக்கா, ஒங்க தம்பி போன் எடுக்குறாரா? இவுகளுக்கு ரிங்கே போகல." மற்ற படகுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. இவர்களை யாரும் பார்க்கவில்லை. மீனவர் சங்கத்தில் சொல்லி, கடலோரக் காவலுக்கும் சொல்லி, தொண்டிப் படகுகள் தேடப் போயின. பொழுது சாயும்போது வெறுங்கையோடு திரும்பின.

இஞ்சின் நின்றிருக்கும் என்கிறார்கள். அப்படியானால் ராத்திரி முழுக்கக் கரைக்காற்று படகைக் கிழக்கே தள்ளியிருக்கும். கிழக்கே இலங்கை எல்லைக்கோடு. அதைத் தாண்டிவிட்டால்?

பகலில் கடற்காற்று வீசினால் அதுவே அவர்களை இந்தப் பக்கம் கொண்டுவரும். ஆனால் இன்று காலையிலிருந்து மேகமூட்டம். ஒரு இலை ஆடவில்லை. கடற்கரையில் நின்றவர்கள், "நல்லவேளை, வெயில் இல்ல" என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தரை கொதிக்கணும்யா! தரை கொதிச்சாத்தானே அது மேல இருக்குற காத்து எழும்பும், அந்த இடத்துக்குக் கடல்ல இருந்து காத்து வரும்? தரையும் தண்ணியும் ஒரே சூட்டுல கெடந்தா எது வரும்? யார்கிட்ட சொல்றது இதை?

ஏப்ரல் 10, வியாழன், காலை

இன்றும் மேகம். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். கிறிஸ்டினா கையில் ஜெபமாலை. நான் துஆ கேட்கிறேன் – யா அல்லாஹ், வெயிலைக் கொடு. சித்திரை பிறக்கப்போகிற நேரத்தில் இந்த ஊரில் வெயில் கேட்பவள் நான் ஒருத்திதான்.

உம்மா இருந்தபோது கிழக்கு ஜன்னல்களைக் காலையிலேயே சாத்திவிடுவார். மதியத்துக்குமேல் ஜன்னல் இடுக்கு லேசாக விசில் அடிக்கும். "காத்து வந்துருச்சு, தொறங்க!" என்பார். நானும் நுஃமானும் முட்டிமோதி ஓடுவோம். திறந்ததும் உப்பு வாசனையோடு முகத்தில் வந்து அடிக்கும். அவன் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயிற்றில் காற்று வாங்குவான். உம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைப்பார். எவ்வளவு காலம் ஆயிற்று. அவன் ஷார்ஜா போனபிறகு அந்த ஜன்னல்களை நான் சரியாகத் திறந்ததே இல்லை.

அதே நாள், இரவு, இஷா தொழுகைக்கு முன்

வந்துவிட்டான். அல்ஹம்துலில்லாஹ்.

பதினொரு மணிவாக்கில் மேகம் கிழிந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் மணல் காலைச் சுட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், இன்னும் சுடட்டும் என்று. கிறிஸ்டினா, "அக்கா, நிழலுக்கு வாங்க" என்று இழுத்தாள். மதியம் லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் முக்காட்டு நுனி மேற்கே பறந்தது. முதலில் அவள் கவனிக்கவில்லை. நான்தான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, தெற்கே திருப்பாலைக்குடியிலிருந்து போன். நங்கூரக் கயிறு புரொபெல்லரில் சுற்றி, இஞ்சினும் நின்று, கயிறும் அறுந்துபோனதாம். காற்று எழும்பியதும் நீலத் தார்ப்பாயைத் துடுப்புகளில் கட்டிப் பாய் ஆக்கியிருக்கிறார்கள். கரை தெரிகிற தூரத்தில் திருப்பாலைக்குடிப் படகுக்காரர்கள் பார்த்துக் கட்டி இழுத்துவந்தார்கள்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவனின் உதடெல்லாம் வெடிப்பு. அடிக்கத்தான் கை ஓங்கினேன்.

ஏப்ரல் 12, சனி

இன்றைக்குத்தான் உட்கார்ந்து பேசினான்.

"பயந்தியா?" என்று கேட்டேன்.

"பயந்தேன். ஆனா ஷார்ஜாவுல பயந்த மாதிரி இல்ல."

"அங்கன என்னடா பயம்?"

"ஒரு தடவ ஒரு வாரம் காய்ச்சல் லாத்தா. ரூமுல தனியாக் கெடந்தேன். எல்லாரும் ஷிப்டுக்குப் போயிட்டாங்க. செத்தாக்கூட சம்பளத் தேதிக்குத்தான் தேடுவாங்கனு நெனச்சேன். இங்கன கடல்ல கெடக்கும்போது, ஊரே தேடும்னு தெரியும்."

இதை ஏன் அப்போதே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. போனில் ஒவ்வொரு தடவையும் "நல்லாருக்கியா?" என்று கேட்டு, "நல்லாருக்கேன்" என்றதும் வைத்தவள் நான்தானே.

மே 18, ஞாயிறு

விசா தேதி முடிந்தது. இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. மதியம் நண்டுக் குழம்பு.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று மாலை நுஃமான் கடலுக்குப் போனான். விடியலில் ஃபஜ்ரு தொழுதுவிட்டுச் சற்றுச் சாய்ந்தவள், வெயில் ஏறும்வரை அசந்து தூங்கிவிட்டேன். அவன் வந்து, குளித்து, தேத்தண்ணி போட்டு, என்னை உலுக்கிக்கொண்டிருந்தான்.

"எந்திரி லாத்தா. மீனு கெட்டுரும்."